அண்ணன் விற்ற வீட்டின் ஃபர்னஸ்

ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காகத்தான் நான் ஃபர்னஸ் ரிப்பேர் கற்றுக்கொண்டேன். வேறு காரணம் சொன்னால் பொய். சிக்கனம், தன்னம்பிக்கை என்று தோழிகளிடம் அளந்துவிட்டதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட அலங்காரம்.

அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ஆளுயரத்துக்கு நிற்கும் தகரப் பெட்டி அது. குளிர்காலத்தில் உள்ளே காஸ் எரிந்து காற்று சூடாகும், அடியில் இருக்கும் பெரிய விசிறி அதை அறைக்கு அறை தள்ளும். கோடையில் அதே விசிறி ஏசியின் குளிரைத் தள்ளும். அது நின்றுபோனால் ஜனவரி மாதத்தில் வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு தோசை சுட வேண்டியதுதான். நான் சுட்டிருக்கிறேன்.

வீட்டை எங்களுக்கு விற்றவர் என் ஊர்க்காரர். பொள்ளாச்சி. அவருடைய அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே மார்க்கெட்டில் தேங்காய் மண்டி. தமிழ்ச் சங்கத்தில் முதல்முறை பார்த்தபோதே, "அட, நம்மூரு அம்மிணியா நீ!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணா, நான் அவருக்கு அம்மிணி. வேறு பெரிய வீடு கட்டிக்கொண்டு போகிறேன், பழைய வீட்டைத் தெரியாதவனுக்கு விற்க மனசு வரவில்லை என்று அவர் சொன்னபோது, எனக்குக் கண் கலங்காத குறை.

இந்த நாட்டில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்து கூரை முதல் சாக்கடை வரை தட்டிப் பார்ப்பார்கள். என் கணவரும் அதைத்தான் சொன்னார். நான்தான் குறுக்கே விழுந்தேன். ஊர்க்காரர், அண்ணன் முறை. அவர் வீட்டுக்குள் ஆளை விட்டு ஓட்டை உடைசல் தேடச் சொன்னால் நாளைக்கு எந்த முகத்தோடு அவர் மனைவி கையால் காபி வாங்கிக் குடிப்பேன்? பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி இருக்காதா? இரண்டு நாள் கணவரோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் அவரே, "சரி, உன் இஷ்டம். இன்ஸ்பெக்ஷன் வேணாம்" என்று இறங்கிவந்தார். என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்கு ஒரே பெருமை. அன்று அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன்.

"ஃபர்னஸ் எப்படிங்கண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தேன்.

"தங்கமாட்டம் ஓடுது அம்மிணி. பன்னெண்டு வருசமா நாந்தான் பாத்துக்கறேன், ஒரு மெக்கானிக்க உள்ள விட்டதில்ல" என்றார். அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

முதல் குளிர்காலத்தில் நன்றி சொல்லும் நாள் விடுமுறைக்கு விருந்தாளிகள் வந்திருந்தபோது தங்கம் நின்றது. பர்னர் பற்றும், ஐந்தாறு விநாடி எரியும், அணைந்துவிடும். மறுபடி பற்றும், அணையும். விருந்தாளிகள் கோட்டைக் கழற்றாமல் பிரியாணி சாப்பிட்டார்கள். கணவர் சென்னைக்காரர், நக்கலுக்குக் கேட்கவா வேண்டும்? எல்லோர் முன்னாலும், "இது என் மச்சான் குடுத்த சீதனம். இன்ஸ்பெக்ஷன் பண்ணா அண்ணன் மனசு நோவும்னு மேடம் அப்படியே வாங்கிக்கிட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எது பழுதானாலும் "சீதனம்". குழாய் சொட்டினால் சீதனம். மகள் காலேஜிலிருந்து போன் செய்து வீட்டில் எல்லாம் எப்படி என்று கேட்டால், "அம்மாவோட சீதனம் இருமிட்டு இருக்கு" என்பார். அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் அந்த அண்ணனைத்தான் மனதுக்குள் கறுவினேன். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று கணவர் சொன்னபோது வேண்டாம் என்றேன். அந்த மெக்கானிக் முன்னாலும் சீதனக் கதை ஓடும். அதைவிட நானே செத்துப்போகலாம்.

நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. எலெக்ட்ரிகல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இரண்டு வருஷம் மோட்டார் டெஸ்டிங். அமெரிக்கா வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் ஏழு வருஷம் வீட்டில் இருந்து, பிறகு கிடைத்த சாஃப்ட்வேர் வேலையில் ஒட்டிக்கொண்டதில் கை துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். வீடியோக்கள் பார்த்தேன். ஃபர்னஸின் கதவைக் கழற்றினால் உட்புறத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது, எந்த ஒயர் எங்கே போகிறது என்று. அதைப் போன்ற படத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! பர்னரின் ஓரத்தில் பேனா ரீஃபில் தடிமனில் ஒரு கம்பி. தீ எரிகிறதா என்று ஃபர்னஸை ஓட்டும் எலெக்ட்ரானிக் போர்டுக்குச் சொல்வது அதன் வேலை. அதில் அழுக்குப் படிந்தால் எரிகிற தீ அதற்குத் தெரியாது, போர்டு காஸை நிறுத்திவிடும். ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் நாலு இழுப்பு இழுத்துத் திரும்ப மாட்டினேன். நின்று எரிந்தது. "அடிசக்கை" என்று பேஸ்மென்ட்டில் தனியாகக் கத்தினேன். அந்த நேரம் என் கண் அந்தக் கம்பியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து வந்த கோடையில் ஏசி தண்ணீர் போகிற குழாய் அடைத்துக்கொண்டு பேஸ்மென்ட் தரை நனைந்தது. அதையும் நானே வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுத்தேன். ஒவ்வொரு ரிப்பேரையும் முடித்ததும் அண்ணனுக்கு ஒரு சாபம். கோயிலில் பார்த்தால், "என்ன அம்மிணி, வீடெல்லாம் சௌகரியமா இருக்குதா?" என்பார். "தங்கமாட்டம் இருக்குதுங்கண்ணா" என்பேன். பழிவாங்குவதற்கு அவசரம் கூடாது. நல்ல நேரம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது குளிர்காலம், ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் படுக்கும் அறை ஃபர்னஸுக்கு நேர் மேலே. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "மாம், மை ரூம் ஸ்மெல்ஸ் லைக் பர்ன்ட் ஹேர்" என்றாள். நான் சமையலறைக் காற்றுத் துவாரத்தில் கை வைத்தேன். காற்றே வரவில்லை. ஆனால் கீழேயிருந்து தகரம் டிக் டிக்கென்று விரியும் சத்தம் கேட்டது.

ஓடினேன். ஃபர்னஸின் மேல் தகரத்தில் கையை வைக்க முடியவில்லை. உள்ளே பர்னர் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருக்கிறது, விசிறி சுற்றவில்லை. சூட்டை எடுத்துப் போக ஆளில்லாமல் பெட்டி பழுத்துக்கொண்டிருந்தது. படிக்கட்டின் உச்சியில் இருக்கும் சிவப்பு சுவிட்சை அணைத்தேன், காஸை மூடினேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சூடு தணிந்ததும் திறந்தேன். விசிறி ஏன் நின்றது என்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. ஊரில் கிணற்று மோட்டார் வைத்திருக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள், கண்டன்சர் போய்விட்டது. இங்கே அதற்குப் பெயர் கெப்பாசிட்டர். டப்பா மேலே உப்பியிருந்தது. புதிது ஆர்டர் போட்டுவிட்டு விசிறியையே வெளியே இழுத்தேன். அதன் இறகுகளுக்கு நடுவே விரல் நுழைய இடமில்லை. எண்ணெயும் தூசியும் குழைந்து தார் மாதிரி அப்பியிருந்தது. காற்றை உள்ளே இழுக்கும் துவாரம் சமையலறையை ஒட்டி இருக்கிறது, ஃபில்டரைப் பல வருஷம் அவர்கள் மாற்றாமலே ஓட்டியிருக்க வேண்டும். அண்ணன் வீட்டின் பன்னிரண்டு வருஷத் தாளிப்பு அத்தனையும் அங்கே இருந்தது. சுடுதண்ணீரில் சீயக்காய்ப் பொடியைக் கரைத்துப் பழைய பல்துலக்கியால் இறகு இறகாகத் தேய்த்தேன். கடுகு கூட ஒன்று உதிர்ந்தது.

தேய்க்கத் தேய்க்க ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. இவ்வளவு சூடேறியும் ஃபர்னஸ் ஏன் தானாக நிற்கவில்லை? எல்லா ஃபர்னஸிலும் லிமிட் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. சூடு எல்லை மீறினால் காஸை வெட்டிவிடும். கதவில் இருந்த படத்தைப் பார்த்து ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன். காஸ் வால்வுக்குப் பின்னால், பார்வைக்குத் தெரியாதபடி ஒயர்களைச் செருகியிருந்த இடத்தில் வில்லங்கம் இருந்தது. லிமிட் சுவிட்சுக்குப் போக வேண்டிய இரண்டு ஒயரையும் பிடுங்கி, விரல் நீளத்தில் ஒரு துண்டு ஒயரால் நேராக இணைத்திருந்தார்கள். மேலே மஞ்சள் டேப். அந்த மஞ்சள் டேப் எனக்குப் பழக்கம். கராஜ் கதவு பட்டனிலும் தோட்டத்துக் குழாயிலும் அண்ணன் சுற்றிவிட்டுப் போன அதே டேப்.

சுவிட்சை மீட்டர் வைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அண்ணன் இருந்தபோதே விசிறி அடைத்துக் காற்று வராததால் பெட்டி சூடாகியிருக்கிறது, சுவிட்ச் தன் வேலையைச் செய்து நிறுத்தியிருக்கிறது. அழுக்கைத் துடைப்பதை விட்டுவிட்டு, அழுக்கைக் காட்டிக்கொடுத்ததைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார். அந்தப் பெட்டிக்கு நேர் மேலே என் மகளைப் படுக்க வைத்திருக்கிறேன். எனக்கு அந்த நிமிஷம் அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. போல என்ன, கை நிஜமாகவே மடங்கியது.

துண்டு ஒயரை மேலே கொண்டுபோய்க் கணவரிடம் காட்டி, இது என்ன என்று விளக்கினேன். "சரி, எடுத்துட்ட இல்ல? தூக்கிப் போடு" என்றார். சீதனம் என்றுகூடச் சொல்லவில்லை. அவரும் அதிர்ந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் புது கெப்பாசிட்டர் வந்தது. விசிறியை ஏற்றி, சுவிட்சைப் பழையபடி படத்தில் உள்ளதுபோல் இணைத்து ஓட விட்டேன். அறைக்கு அறை காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. மகள் என்னைக் கட்டிப்பிடித்து, "யூ ஆர் அ பீஸ்ட், மாம்" என்றாள். அவர்கள் பாஷையில் அது பாராட்டு. ஒயரை நான் தூக்கிப் போடவில்லை. நகைப்பெட்டியில் வைத்தேன்.

நல்ல நேரம் பிப்ரவரியில் போன் செய்தது.

"அம்மிணி, மார்ச்சுல எனக்கு அறுபதாங் கல்யாணம். ஊர்ல இருந்து என்ற தங்கச்சியால வர முடியாது, விசா கெடைக்கல. நீதான் தங்கச்சி ஸ்தானத்துல நின்னு முடிச்சுப் போடோணும்."

அறுபதாம் கல்யாணத்தில் கணவன் மனைவிக்கு மறுபடி தாலி கட்டுவான். முதல் முடிச்சு அவனுடையது, மற்ற இரண்டும் அவன் சகோதரி போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. அந்த இடத்தில் என்னை நிற்கச் சொல்கிறார், இருநூறு பேர் பார்க்க! எனக்குச் சிரிப்பு வந்தது. "கண்டிப்பா வர்றேனுங்கண்ணா" என்றேன்.

முடிச்சு முடிந்ததும் உறவுக்காரர்கள் மைக்கில் ஆளுக்கு நாலு வார்த்தை வாழ்த்துவது வழக்கம். என் நாலு வார்த்தையை ஒரு மாதம் உருப்போட்டேன். காரில், குளியலறையில், வேலை மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு. 'அண்ணன் எனக்குக் கொடுத்த சீதனம் இது' என்று ஒயரைத் தூக்கிக் காட்டுவது வரைக்கும் ஒத்திகை. கணவர் மோப்பம் பிடித்துவிட்டார்.

"எதுக்கு இப்ப? வயசான மனுஷன். நல்ல நாளும் அதுவுமா வேணாமே" என்றார்.

"இத்தனை நாளா என்னை நக்கல் பண்ணப்ப நல்ல நாள் பாத்தீங்களா?" என்றேன்.

"அது சும்மா ஜோக்குடி. நான் இனிமே அப்படிச் சொல்லல. போதுமா?"

போதாது என்றேன். அவர் முகம் வெளுத்ததை என் மீதுள்ள அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு மக்கு நான்.

அன்று கோயில் ஹாலுக்கு அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, கைப்பைக்குள் ஒயரோடு போனேன். வெளியே இன்னும் பனி கரையாமல் கிடந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் மாலையோடு பக்கத்து அறையில் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். மைக் வரை பொறுக்க முடியவில்லை. முகத்தை நேராகப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கதவைச் சாத்தினேன். ஒயரை அவர் மடியில் போட்டேன்.

"இது என்னன்னு தெரியுதுங்களா?"

எடுத்துப் பார்த்தார். அவர் நெளிவார், மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திடுக்கிட்டுப்போய், "இது இன்னுமா அங்கயே இருந்துச்சு?" என்றார்.

"எம் பொண்ணு ரூமுக்குக் கீழ இருந்துச்சு."

"அடக் கடவுளே! அம்மிணி, நான் மாப்பிள்ளகிட்ட அன்னைக்கே சொன்னனே. லிமிட் சுவிட்ச் அடிக்கடி விழுவுது, சும்மா ஒரு ஒயரப் போட்டு ஓட்டீட்டு இருக்கறேன், குளிர்காலம் வர்றதுக்குள்ள ஆள வெச்சுப் பாத்துருங்கன்னு."

"எந்த மாப்பிள்ள?"

"உம்பட வீட்டுக்காரருதான். இன்ஸ்பெக்ஷன் வெக்கலாமா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும் பேசீட்டு இருந்தீங்கல்ல, அப்ப தனியா வந்தாரு. வேலைக்குப் போறதுக்கு ரயில் ஸ்டேஷன் பக்கத்துல இருக்கற இந்த வீடுதான் அவருக்கு வேணும். இன்ஸ்பெக்டர் வந்து எழுதிக் குடுத்தா அவ பயந்துக்கிட்டு வேண்டாம்னுருவா, அவகிட்டச் சொல்லாதீங்க, நான் பாத்துக்கறேன்னாரு."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, "நம்ம சமையக்கட்டுலதான் கண்ணு நின்னு பேசுனாங்க. காபி குடுத்தது நாந்தான்" என்றாள்.

மூன்றாம் நாள் 'உன் இஷ்டம்' என்று இறங்கிவந்தது. நான் வைத்த வத்தக்குழம்பு. இரண்டு குளிர்காலச் சீதனம். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறார். ஆளை வைத்துப் பார்க்க மறந்துவிட்டார், மறந்ததைச் சொல்வதைவிட என் ஊர்ப் பாசத்தைக் கேலி செய்வது சுலபமாக இருந்திருக்கிறது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்கண்ணா? வாங்கினது நானுந்தான?" என்றேன்.

"மாப்பிள்ள சொல்ல வேண்டாம்னதுக்கப்பறம் நான் எப்பிடி அம்மிணி குறுக்க பூந்து..." என்று இழுத்தார். பிறகு, "தப்புத்தான். அந்த ஒயரப் போட்டதே தப்பு" என்றார். அறுபது வயதில் மாலையும் கழுத்துமாக மன்னிப்புக் கேட்கும் மனிதரை அதற்குமேல் என்ன செய்வது? மன்னிக்கவில்லை. ஆனால் பழிவாங்கும் வரிசையில் அவர் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டார்.

மேளம் கொட்டியதும் அண்ணியின் பின்னால் நின்று இரண்டு முடிச்சும் போட்டேன். முன்வரிசையில் என் கணவர் அட்சதையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கைக் கொடுத்தபோது, "ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். கணவர் விட்ட நிம்மதிப் பெருமூச்சு எனக்கு மேடையிலேயே கேட்டது. பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தார். திரும்பி வரும்போது காரில், "இன்னைக்கு நீ ரொம்பப் பெருந்தன்மையா நடந்துக்கிட்ட" என்று பாராட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பட்டுப்புடவையோடு பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன். சிவப்பு சுவிட்சை அணைத்து, காஸை மூடி, கதவைத் திறந்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி லிமிட் சுவிட்சைக் கையில் எடுத்துக்கொண்டேன். சோபாவில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளங்கையில் அதை வைத்தேன்.

"என்னது இது?"

"குளிர்காலம் வர்றதுக்குள்ள ஆள வெச்சுப் பாக்கறேன்னு எங்கண்ணன்கிட்டச் சொன்னீங்களாமே. குளிர்காலம் இன்னும் முடியல. பாருங்க."

எந்தப் பொய்யைச் சொல்லலாம் என்று அவர் தேடுவது தெரிந்தது. ஒன்றும் அகப்படவில்லை. எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே போனார்.

நான் புடவையை மாற்றி, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, டீ போட்டு எடுத்துக்கொண்டு வீட்டின் சூட்டைக் காட்டும் தெர்மோஸ்டாட்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஃபாரன்ஹீட்டில் அறுபத்தாறு. அறுபத்தைந்து. கீழே ஸ்க்ரூடிரைவர் தரையில் விழும் சத்தம். கதவின் உட்புறத்தில் படம் இருக்கிறது, தீ எரிய வேண்டுமானால் அவரே படித்துக்கொள்ளட்டும்.

"இது எந்தப் பக்கம் மாட்டணும்?" என்று கேட்டார். நான் டீயை ஒரு வாய் குடித்தேன். அறுபத்துமூன்று. "ஏய், ஒயர் ரெண்டும் ஒரே கலர்ல இருக்கு" என்றார். அறுபத்திரண்டு ஆனபோது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு தடவை, அப்புறம் இன்னொரு தடவை.

மன்னிப்புக் கேட்டுக் கூப்பிட்டிருந்தால் இறங்கிப் போயிருப்பேன்.